ஃபார் க்ரை 2-ஆ, 3-ஆ? முதலில் எதை ஆடுவது

சித்தப்பா மகன் ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, ஃபார் க்ரையில ஒண்ணே ஒண்ணுதான் ஆட நேரம் இருக்கு. எதை எடுக்கட்டும்?" ஃபார் க்ரை என்பது ஷூட்டர் வகை, அதாவது துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் வரிசை. பதிலையும் அவனே கையில் வைத்திருந்தான். எல்லாரும் 3-ஐத்தான் சொல்கிறார்கள், 2 போரடிக்கும் என்கிறார்கள், அப்படியென்றால் 3தானே? நான் 2 என்றேன். ஏன் என்று விளக்க ஆரம்பித்த பிறகுதான், இது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்று எனக்கே புரிந்தது. 2-இல் எரிச்சல் தரும் இடங்கள் நிறைய. அவற்றை மறைத்துவிட்டு சிபாரிசு செய்தால் மூன்றாம் நாளே கணினியிலிருந்து அழித்துவிடுவான்.

இரண்டையும் செய்தது யூபிசாஃப்ட் மான்ட்ரியல். 2004-இல் வந்த முதல் ஃபார் க்ரை க்ரைடெக் நிறுவனத்தின் படைப்பு. பசிபிக் தீவுகள், ஜாக் கார்வர், உருமாறிய மிருகங்கள் என்று அது வேறு உலகம். 2008 அக்டோபரில் வந்த 2, பெயரைத் தவிர அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. டுனியா என்ற புது என்ஜின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்), பெயர் சொல்லப்படாத ஒரு மத்திய ஆப்பிரிக்க நாடு, அங்கே யூ.எஃப்.எல்.எல்., ஏ.பி.ஆர். என்ற இரண்டு கும்பல்களின் உள்நாட்டுப் போர். இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கிறவன் ஜாக்கல். அவனைக் கொல்ல அனுப்பப்பட்ட கூலிப்படை ஆள் நீங்கள். கிரியேட்டிவ் டைரக்டர் கிளின்ட் ஹாக்கிங். 2012 கடைசியில் வந்த 3-க்கு இந்தக் கதையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரூக் தீவுகள், கடத்தல்காரர்களிடம் சிக்கிய ஜேசன் பிராடி என்ற இளைஞன், அவனை வேட்டையாடும் வாஸ். ஆக, கதை புரியாமல் போய்விடுமோ என்ற கவலையே வேண்டாம். எதை வேண்டுமானாலும் முதலில் ஆடலாம்.

ஆனால் எதை முதலில் ஆடுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2-இன் முதல் அரை மணி நேரத்திலேயே அது எப்படிப்பட்ட கேம் என்று தெரிந்துவிடும். டாக்சியில் போகிறோம். வழியிலேயே மலேரியா. கண் விழித்தால் பாலா என்ற ஊரில் ஒரு விடுதிக் கட்டில். எதிரே, நாம் கொல்ல வந்த ஜாக்கலே நின்று நம் காகிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறான்! நம்மைக் கொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. வெட்டுக்கத்தியைச் சுவரில் குத்திவிட்டுப் போய்விடுகிறான். வெளியே சண்டை தொடங்குகிறது, எழுந்து நடக்கவே தெம்பில்லை. வழக்கமாக இந்த வகை கேம்கள் முதல் காட்சியிலேயே நம்மைப் பலசாலி ஆக்கிவிடும். இது நம்மைப் படுக்கையில் போட்டுத் தொடங்குகிறது. அந்த மலேரியாவும் லேசில் விடுவதில்லை. அவ்வப்போது பார்வை மங்கும், கை நடுங்கும், மாத்திரை போட வேண்டும். மாத்திரை தீர்ந்தால், ஒளிந்து வாழும் பொதுமக்களுக்குப் பயணப் பத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். எதிரியிடமிருந்து எடுக்கும் துப்பாக்கி துருப்பிடித்தே இருக்கும். சுடச்சுட இன்னும் பழுதாகும், நடுவில் ஜாம் ஆகும், கடைசியில் கையிலேயே உடைந்து போகும். எனக்கு இன்னும் மறக்காத ஒரு சாயங்காலம் உண்டு. காய்ந்த புல்வெளி நடுவே ஒரு சின்ன முகாம், ஐந்தாறு பேர். தூரத்திலிருந்து பெட்ரோல் குண்டு ஒன்றை வீசினேன். புல் பற்றிக்கொண்டது, அவர்கள் சிதறி ஓடினார்கள். திட்டம் நன்றாகத்தான் போனது. அப்புறம் காற்று என் பக்கம் திரும்பியது. இந்த கேமில் தீ காற்றடிக்கும் திசையில் பரவும். புல், மரம், வெடிமருந்துப் பெட்டி எதையும் விட்டுவைக்காது. பின்வாங்கிக்கொண்டே சுட்டேன். நாலாவது குண்டிலேயே துப்பாக்கி சிக்கியது. திரையில் என் கை அதன் பக்கவாட்டை அடித்து அடித்துச் சரிசெய்கிறது, புகைக்குள்ளிருந்து ஒருவன் ஓடி வருகிறான், எனக்குக் கண்ணெதிரே இருப்பது அந்தத் துருதான். விழுந்தேன்.

அப்போதுதான் அவன் வந்தான், என் கூட்டாளி. ஆரம்பத்தில் ஒன்பது பேர் பட்டியலிலிருந்து நாம் ஆடும் பாத்திரமாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம், மீதிப் பேரில் சிலர் கதைக்குள் நண்பர்களாக வருகிறார்கள். நாம் விழுந்தால் அவர்களில் ஒருவர் ஓடி வந்து, காலரைப் பிடித்து இழுத்து, மறைவில் கிடத்தி, கையில் ஒரு கைத்துப்பாக்கியைத் திணிப்பார். சேர்ந்து சண்டை போடுவோம். சண்டை ஓய்ந்த பிறகு தேடினால் சில நேரம் அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பார். ஊசி போட்டால் எழுந்துகொள்ளலாம். எழுந்துகொள்ளாமல், இன்னொன்று போடு என்று கேட்கவும் கேட்கலாம். நம்மிடம் இருப்பதே நாலைந்து ஊசி. போட்டுக்கொண்டே போவதா, நம் கையாலேயே முடித்துவைப்பதா, விட்டுவிட்டு நடப்பதா? இறந்தவர் இறந்தவர்தான், திரும்பி வரமாட்டார். இதற்கென்று தனிக் காட்சியோ வசனமோ கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவில் சும்மா நடந்துவிடுகிறது. இத்தனை வருடங்களில் நான் ஆடிய எந்த ஷூட்டரிலும் இப்படித் தயங்கி நின்றதில்லை.

இதையெல்லாம் நான் குறை என்று சொல்ல மாட்டேன். கஷ்டம் என்று சொல்வேன், நல்ல கஷ்டம். மினிமேப், அதாவது திரை மூலையில் தெரியும் சிறு மேப், இல்லாததும் இந்தக் கணக்கில்தான் வரும். மேப் வேண்டுமென்றால் பாத்திரம் காகிதத்தைக் கையில் எடுத்து விரிக்கும். ஜீப் ஓட்டும்போது மடியில் மேப், கண்ணெதிரே பாதை, இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். சாலைப் பலகைகளில் நாம் போக வேண்டிய பக்கம் மட்டும் சிவப்பாகத் தெரியும். ஜீப் நின்றுபோனால் இறங்கி, பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் முறுக்க வேண்டும். பின்னால் சுட்டுக்கொண்டு வந்தாலும் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். இரவில் போக வேண்டுமா, ஒளிவிடத்தில் படுத்து, கைக்கடிகாரத்தில் நேரம் வைத்துத் தூங்கி எழ வேண்டும். எல்லாமே கையால் செய்கிற வேலை. அதனால்தான் சுமார் 50 சதுர கிலோமீட்டர் என்று சொல்லப்பட்ட அந்த நிலம் எனக்கு மேப்பாக இல்லாமல் ஓர் ஊராகப் பழகிப்போனது.

சரி, தொல்லைகளுக்கு வருவோம். கஷ்டம் வேறு, தொல்லை வேறு. 2-இல் தொல்லையும் தாராளம்.

முதல் தொல்லை, காவல் சாவடிகள். ஏறக்குறைய ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் ஒன்று இருக்கும். கஷ்டப்பட்டு அத்தனை பேரையும் வீழ்த்திவிட்டுப் போய், வேலையை முடித்துத் திரும்பி வந்தால் அதே சாவடியில் அதே அளவு ஆட்கள் மறுபடி. ஒரு மிஷனுக்குப் போக மூன்று சாவடி, வர மூன்று சாவடி. இந்த நாட்டில் நம்மால் எதையும் மாற்ற முடியாது என்று சொல்ல வருகிறார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். அந்தக் கருத்து கதையில் இருப்பது உண்மைதான். ஆனால் பதினைந்தாவது தடவையும் அதே வளைவில் அதே ஜீப் துரத்தும்போது மனசில் கருத்து எதுவும் ஓடுவதில்லை, சலிப்புதான் வருகிறது. அதுவும் யாருக்காக மிஷன் செய்கிறோமோ அந்தக் கும்பலின் ஆட்களே நம்மைப் பார்த்ததும் சுடுகிறார்கள். நம் வேலை ரகசியம், அவர்களுக்குத் தெரியாது என்பது கேம் சொல்லும் காரணம். சண்டை கூடாது என்று விதி வைத்திருக்கும் பாலா போன்ற ஊர்களை விட்டால், வெளியில் பேசக்கூடிய மனிதர் என்று ஒருவரும் இல்லை.

இரண்டாவது தொல்லை, திரும்பத் திரும்ப ஒரே வேலை. ஆயுதக் கடையில் புதிய துப்பாக்கிகள் வர வேண்டுமென்றால் போட்டி வியாபாரியின் லாரி வரிசையைத் தகர்க்க வேண்டும். அந்த லாரிகள் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சாலையில் குண்டு வைத்துக் காத்திருந்தால் முடிந்தது. முதல் தடவை நன்றாக இருக்கும். செல்போன் கோபுரத்துக்குப் போனால் கரகரத்த குரலில் ஒருவன் யாரையாவது கொல்லச் சொல்வான். அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே அச்சு. முக்கிய மிஷன்களில் மட்டும் ஒரு நல்ல திருப்பம் வைத்திருக்கிறார்கள்: வேலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் கூட்டாளி போன் செய்து, இதையே வேறு மாதிரி செய்வோம் என்று சுற்றுவழி ஒன்றைச் சொல்வார். ஒப்புக்கொண்டால் வேலை இரட்டிப்பு, பலனும் உண்டு. ஆனால் அந்தத் திருப்பமும் எல்லா மிஷனிலும் அதே இடத்தில் வருகிறது.

மூன்றாவது, பதுங்கிப் போவது. இரவில் புல்லுக்குள் தவழ்ந்து போனாலும், ஒருவன் பார்த்துவிட்டால் எல்லாரும் பார்த்த மாதிரிதான். பேச்சும் ஒரு குறை. எல்லாரும் மூச்சு விடாமல், மனப்பாடம் ஒப்பிப்பது போலப் படபடவென்று பேசுகிறார்கள்.

3-ஐ ஆட உட்கார்ந்தால், இந்தப் பட்டியலை யாரோ மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார்கள் என்று தோன்றும். சாவடிக்குப் பதில் 34 அவுட்போஸ்ட்கள், அதாவது எதிரி முகாம்கள். ஒருமுறை பிடித்தால் அது நம்முடையது, அங்கே நம் ஆட்கள் வந்துவிடுவார்கள், அதற்கப்புறம் ஃபாஸ்ட் டிராவலில் நேரே போய் இறங்கலாம். துப்பாக்கி பழுதாவதில்லை. மலேரியா இல்லை. 18 ரேடியோ கோபுரங்களில் ஏறினால் சுற்றுவட்டார மேப் திறந்துகொள்ளும்.

அந்த அவுட்போஸ்ட்களைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், அவை அபாரம். மலைச்சரிவில் படுத்துக்கொண்டு கேமராவால் ஒவ்வொருவராகக் குறித்துக்கொள்கிறேன். குறித்தவர்கள் சுவருக்குப் பின்னால் போனாலும் தெரிவார்கள். அலாரப் பெட்டி எங்கே, கூண்டில் என்ன மிருகம் என்று பார்க்கிறேன். ஒரு தடவை கூண்டுக்குள் புலி. கூண்டை மட்டும் சுட்டேன். அது வெளியே பாய்ந்து இரண்டு பேரை அடித்தது, மற்றவர்கள் அதன் பக்கம் ஓடினார்கள், நான் பின்வழியே இறங்கி அலாரத்தை அணைத்து மிச்சமிருந்தவனை வில்லால் முடித்தேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை, ஊக்கப்புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. பத்து நிமிடத்தில் தொடங்கி முடிகிற ஒரு முழு ஆட்டம். 2-இன் சாவடிச் சண்டைகளில் இந்த நேர்த்தி கிடையாது.

வாஸும் அப்படித்தான். மைக்கேல் மாண்டோ நடித்த அந்தப் பாத்திரம் திரையில் வரும் நேரம் குறைவு; வரும்போது நகர முடியாமல் பார்க்க வைக்கிறது. ஆனால் கதை பாதியைத் தாண்டும்போது அவன் போய்விடுகிறான். பின்னால் வரும் ஹாய்ட் வோல்கரால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. முக்கியமான மோதல்கள்கூடத் திரையில் காட்டும் பட்டனை நேரத்துக்கு அழுத்துவதில் முடிந்துவிடுகின்றன. இவ்வளவு நல்ல துப்பாக்கிச் சண்டையை வைத்துக்கொண்டு, கிளைமாக்ஸில் அதை ஏன் ஆட விடவில்லை?

என்னுடைய பெரிய வருத்தம் அது இல்லை. 3 தொல்லைகளைத் தூக்கி எறிந்தபோது கஷ்டத்தையும் சேர்த்து எறிந்துவிட்டது. பாதித் தீவைப் பிடித்த பிறகு சாலையில் பயமே இருக்காது. எல்லா அவுட்போஸ்டும் நம் கைக்கு வந்தால் தீவில் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. அவுட்போஸ்ட்களை மீண்டும் எதிரிகளுக்குத் திருப்பிவிடும் வசதியை அப்புறம் ஒரு பேட்சில் (கேமுக்கு வந்த திருத்தத்தில்) சேர்த்தார்கள். இந்த வெறுமை அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதோடு கேம் நம்மைத் தனியாக விடுவதில்லை. மூலையில் மினிமேப், நடுவில் அறிவிப்பு, புதுச் செடி கிடைத்தது, புதுத் திறமை கிடைத்தது, அடுத்த மிஷனுக்கு அங்கே போ. பணப்பையைப் பெரிதாக்கக்கூட மிருகத் தோல் வேண்டும் என்பதால் வேட்டையும் ஒரு வேலைப் பட்டியல் ஆகிவிடுகிறது. கதை மிஷனில் குறித்த எல்லையை விட்டு நகர்ந்தால் மிஷன் தோல்வி. தீவு கொள்ளை அழகுதான், ஆனால் நான் பார்த்ததெல்லாம் மேப்பில் இருந்த குறிகளைத்தான் என்று முடித்த பிறகு தோன்றியது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மண்ணின் மக்களை இரண்டுமே சரியாகக் காட்டவில்லை. 2-இல் ஒரு நாடு முழுக்கத் துப்பாக்கி ஏந்தியவர்கள். வீடு இருக்கிறது, வாழ்கிறவர்கள் இல்லை. ஒளிந்திருக்கும் பொதுமக்களை மாத்திரைக்காக மட்டும் பார்க்கிறோம். 3-இல் ரக்யாத் என்ற தீவுவாசிகள், தங்கள் மண்ணை மீட்க வெளியிலிருந்து வந்த ஒரு பையனை நம்பிக் காத்திருக்கிறார்கள். இரண்டில் 2 கொஞ்சம் நேர்மையானது என்பேன். அங்கே வெளியிலிருந்து வந்த கூலிப்படைக்காரர்கள் யாரையும் மீட்பதில்லை, அவர்கள்தான் நோயே என்று கதை நேராகச் சொல்கிறது.

4-ஐயும் கேட்பீர்கள். 2014 நவம்பரில் வந்தது, இமயமலையில் கிராட் என்ற கற்பனை நாடு. 3-இன் அச்சு அப்படியே, மேலே யானைச் சவாரி, சிறு ஹெலிகாப்டர், நண்பரோடு சேர்ந்து ஆடும் வசதி. 3 பிடித்தவர்களுக்கு 4-உம் பிடிக்கும். நண்பரோடு சேர்ந்து ஆடத்தான் வேண்டுமென்றால் 4-தான் சரி, ஏனென்றால் 3-இன் ஆன்லைன் சேவையை யூபிசாஃப்ட் 2022-இல் நிறுத்திவிட்டது. நம் கேள்விக்கு 4 புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

எதில் ஆடப்போகிறீர்கள் என்பதும் முடிவை மாற்றலாம். 3-க்கு 2018-இல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கன்சோல்களுக்கு (டிவியில் இணைத்து ஆடும் கருவிகளுக்கு) கிளாசிக் எடிஷன் வந்தது. 2-க்கு அப்படி ஒரு புதுப்பதிப்பு இல்லை. 2-ஐக் கணினியில் ஆடுவதே நல்லது. அதில் எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், கன்சோலில் ஒளிவிடம் வரைக்கும் போயாக வேண்டும். ஜாக்கலின் ஒலிநாடாக்களைத் தேடிச் சேர்க்கும்போது கேட்டதையே திரும்பக் கேட்க வைக்கும் ஒரு பிழை 2-இல் இருக்கிறது. ரசிகர்கள் அதைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள், கணினியில்தான் அதைப் போட முடியும்.

ஆக, வேலை முடிந்து வந்து தினம் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும், இரண்டு அவுட்போஸ்ட் பிடித்துவிட்டுத் தூங்கினால் போதும் என்றால் 3-ஐ எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 2-இல் முக்கால் மணி நேரம் போய் வரவே சரியாகிவிடும். வார இறுதிகளில் சேர்ந்தாற்போல் மூன்று நான்கு மணி நேரம் உட்கார முடியும், தடுமாறினாலும் பரவாயில்லை என்றால் 2. இரண்டையும் என்றாவது ஆடப்போகிறீர்கள் என்றாலோ, கண்டிப்பாக 2-தான் முதலில். 3-இன் வசதிகளுக்குப் பழகிய கைக்கு 2-இன் காகித மேப்பும் துருப்பிடித்த துப்பாக்கியும் வெறும் பழசாகவே தெரியும். எனக்குத் தெரிந்து 2-ஐப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் 3-ஐ முடித்துவிட்டு வந்தவர்கள்தான்.

2-ஐ எடுத்தால் நான் தம்பிக்குச் சொன்ன சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். சாலையை விட ஆற்றில் போங்கள். படகில் போனால் சாவடிகள் குறைவு. தூரத்துக்குப் பஸ் நிலையங்களைப் பயன்படுத்துங்கள். கீழே கிடக்கும் துப்பாக்கிகளை நம்பாதீர்கள். மேப்பைக் கையில் எடுத்தால் பச்சை விளக்கு சிமிட்டும், நெருங்க நெருங்க வேகமாகும். அந்தத் திசையில் வைரப் பெட்டி இருக்கும், கடையில் துப்பாக்கி வாங்க அந்த வைரம்தான் பணம். ஒரு தடவை வாங்கினால் கிடங்கிலிருந்து புதுசாக எடுத்துக்கொண்டே இருக்கலாம். எதிரே சாவடி தெரிந்தால் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்க்க நினைக்காமல் புல்வழியாகச் சுற்றிப் போங்கள். கூட்டாளி காப்பாற்றிய பிறகு ஒளிவிடம் ஒன்றுக்குப் போய் வந்தால்தான் அடுத்த தடவைக்கு அவர் தயாராவார், அதை மறக்காதீர்கள். முதல் மேப்பான லெபோவா-சாக்கோவை அவசரமாக முடிக்காதீர்கள். தெற்கே போவா-செக்கோவுக்குப் போனதும் கதை இறுகுகிறது, அதுவரை சேர்த்த பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

அவன் 2-ஐத்தான் எடுத்தான். இரண்டாவது வாரம் வரை சாவடிகளைத் திட்டி மட்டுமே செய்தி வந்தது. போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு போன். கேமை நிறுத்தி வைத்துவிட்டுப் பேசுகிறான், குரல் தணிந்திருந்தது. "அண்ணா, ரெண்டு ஊசி போட்டுட்டேன். இன்னொண்ணு கேக்கறான். எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. போடட்டுமா?"